இயந்திரம் எனக்குச் சூட்டிய நெற்றிச்சுட்டி

என் கல்யாணத்தில்கூட நான் நெற்றிச்சுட்டி கட்டிக்கொண்டதில்லை. நெற்றியில் ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால் எனக்குத் தும்மல் வரும். அப்படிப்பட்ட நான் நாற்பத்தாறாவது வயதில் முழு மணப்பெண் அலங்காரத்தோடு சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் ஒரு லிஃப்ட் வாசலில் குப்புறப் படுத்திருந்தேன். அது எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் லிஃப்ட் பொறியாளர். ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை. புக்கிட் பாத்தோக்கில் நாலைந்து அடுக்குமாடி புளோக்குகளின் லிஃப்ட்டுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஹெல்மெட், கனமான காலணி, கையில் டார்ச் லைட். வேலைக்குப் போகும்போது காதில் சின்னத் தோடுகூடப் போடமாட்டேன். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற எதுவும் ஆகாது.

போன வருடம் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு லிஃப்ட்டுக்குள்ளும் ‘இந்த லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்பவர்’ என்று ஒரு சின்ன அறிவிப்பு ஒட்ட வேண்டும், அதில் பொறியாளரின் படம் இருக்க வேண்டும், குடியிருப்பாளர்களுக்கு நம்மேல் ஒரு பாசம் வரும் என்றார்கள். எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுத்த அன்று நான் பல் வைத்தியரிடம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். விளம்பரப் பிரிவில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த சீனப் பெண் என்னைப் பார்த்ததே இல்லை. நல்ல பெண். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று நினைத்து, படம் வரையும் ஏஐயிடம் நாலு வார்த்தை தட்டியிருக்கிறாள்: சிங்கப்பூர், இந்தியப் பெண், லிஃப்ட் பொறியாளர், சிரித்த முகம். வந்த படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

பல்வலி தீர்ந்து நான் வேலைக்குத் திரும்பிய காலையில், ஒன்பதாவது மாடிக்குப் போகும்போது அதைப் பார்த்தேன். கீழே என் பெயர் இருந்தது. மேலே இருந்தவளுக்கு இருபது வயது. பால் மாதிரி நிறம். சிவப்புப் பட்டு, ஒட்டியாணம், ஜிமிக்கி, வங்கி, நெற்றிச்சுட்டி, முழங்கை வரை மருதாணி. கையில் எரிகிற விளக்கோடு ஒரு தட்டு. லிஃப்ட் கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரண்மனை வளைவு, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு யானை.

என் மனதில் முதலில் ஓடியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட்டுக்குள் எரியும் தீபம் கூடாது. பதின்மூன்று பேர் லிஃப்ட்டில் யானை ஏற முடியாது. இந்த இரண்டுக்கும் அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது.

கோபப்பட்டு முடிப்பதற்குள் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. லிஃப்ட் பழுதானால் கூப்பிட வேண்டிய எண்ணுக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டு, பெண் எந்த ஊர் பக்கம், என்ன படிப்பு என்று விசாரித்தாராம். தன் அக்கா மகனுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். படத்தில் இருப்பது நிஜப் பெண் இல்லை, அந்தப் பொறியாளருக்குக் கல்யாணமாகி உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற மகள் இருக்கிறாள் என்று எங்கள் ஆள் விளக்கியதும், அவர் உடனே, தங்கச்சி யாராவது உண்டா என்று கேட்டாராம்.

வீட்டில் படத்தைக் காட்டினேன். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“யானை நல்லா வந்திருக்கு,” என்றார்.

அடுத்த நாள் அந்தச் சீனப் பெண் என்னை நேரில் பார்த்ததும் முகம் சிவந்து போனாள். இப்போதே மாற்றித் தருகிறேன் என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தட்ட ஆரம்பித்தாள். ஹெல்மெட் என்று சேர்த்தாள். நெற்றிச்சுட்டிக்கு மேலேயே ஹெல்மெட் வந்து உட்கார்ந்தது. நகை வேண்டாம் என்று எழுதினாள். நகை போனது, கூடவே பெண்ணும் போய், பெரிய மீசையோடு ஒரு ஆண் வந்து நின்றார். பெண், பெண் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள். பெண் திரும்பி வந்தாள், ஜிமிக்கியும் திரும்பி வந்தது. நாற்பத்தாறு வயது என்று நானே சொல்லிப் பார்த்தேன். வெள்ளை முடியும் கைத்தடியுமாக ஒரு கிழவி லிஃப்ட்டுக்குள் அடுப்பு வைத்துக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். சும்மா சோதிக்கலாம் என்று ‘சீனர், ஆண், லிஃப்ட் பொறியாளர்’ என்று அடித்தோம். வெள்ளைச் சட்டை, கையில் கணினிப் பலகை, பின்னால் வானுயரக் கட்டடங்கள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவள் சிரிப்பை நிறுத்திய பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. அது நல்ல சிரிப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அன்று மாலை எல்லாப் படங்களையும் என் பள்ளித் தோழிக்கு அனுப்பினேன். அவள் ஓவியர். ஓவியர் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. படம் வரைவதை விட்டு வருடக்கணக்காகிறது. ஒரு முறை அறை முழுக்க ஈரத் துணி தொங்கவிட்டாள், இன்னொரு முறை நூறு அலாரக் கடிகாரம் வைத்தாள். தேக்காவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் அவள் வேலை செய்யும் இடம். கீழே பூக்கடை, அதனால் மேலே எப்போதும் மல்லிகை வாசம். அவள் அதைச் சகித்துக்கொண்டு பசை காய்ச்சுவாள்.

படங்களைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன். உடனே கூப்பிட்டு, எதையும் அழித்துவிடாதே என்றாள். அவளும் ரொம்ப நாளாக இந்த மாதிரிப் படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாளாம். இந்த இயந்திரங்கள் நம்மைப் பற்றி உலகத்தில் எங்கெங்கோ கிடக்கிற படங்களை விழுங்கி வளர்ந்தவை, நம்மைக் கல்யாணத்திலும் கட்டட வேலையிலும் மட்டுமே பார்த்திருக்கின்றன, அதனால் வேறு எப்படியும் வரையத் தெரியவில்லை என்று சொன்னாள். கட்டுரை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்களாம். அவளிடம் வேறு திட்டம் இருந்தது. இயந்திரம் தப்பாக வரைந்தவர்கள் எல்லாரும் அந்தப் படத்தில் இருப்பதுபோலவே, ஒரு வளையல் குறையாமல் உடுத்திக்கொண்டு ஒரு கண்காட்சியில் வந்து நிற்க வேண்டும்.

“அது சொன்னத நம்ம அப்படியே கேட்டுப் பாப்போம் லா. அப்பதான் அது எவ்ளோ பைத்தியம்னு தெரியும்,” என்றாள்.

நான் மாட்டேன் என்றேன். யானையையும் செய்கிறேன் என்றாள். சரி என்றேன். இதற்குக் காரணம் எனக்கே விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தேக்காவுக்குப் போனபோது அவள் மாடியில் காகிதக் கூழில் செய்த யானைத் தலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஏணி ஒன்று நின்றது. அதற்குப் பக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்போல் ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வட்டக் கழுத்துச் சட்டை, கையில் வெயில் கறுப்பு. யானையைப் போய்ப் பார்க்கிற அவசரத்தில் நான் அவரிடம், “தம்பி, அந்த ஏணிய கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சிருங்க,” என்றேன். அவர் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். மேலே விளக்கு சரியாக எரியவில்லை, அதையும் பார்த்துவிடுங்கள் என்றேன். அவர் விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

அப்போது தோழி டீயோடு வந்து அறிமுகப்படுத்தினாள். அவர் கரூர்க்காரர். நகரத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றில் கேக் செய்பவர். சர்க்கரை மாவில் ரோஜா இதழ் செய்தால் வண்டு வந்து உட்காரும், அப்படிப்பட்ட கை. இவரும் கண்காட்சியில் நிற்கப் போகிறவர்.

தரையில் ஒரு லிஃப்ட் குழி இருந்திருந்தால் நான் அதற்குள் இறங்கியிருப்பேன். அந்த இயந்திரத்தைத் திட்டித் திட்டித் தொண்டை காய்ந்துபோய் வந்திருந்தவள் நான். படியேறி வந்து ஒரு நிமிடத்துக்குள் நானும் அதே வேலையைச் செய்திருந்தேன், அதுவும் மின்சாரம் இல்லாமல். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“பரவால்லக்கா. அஞ்சடுக்குக் கேக்கு இந்த ஏணிய விட கனம்,” என்றார்.

பிறகு அவருடைய படத்தைக் காட்டினார். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் சிங்கப்பூரில் கல்யாணக் கேக் செய்கிறார் என்று கேட்டதற்கு இயந்திரம் வரைந்தது. மூன்றடுக்குக் கேக்கைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. மஞ்சள் வெஸ்ட்டும் ஹெல்மெட்டும் போட்ட ஒருவர் சாரத்தில் நின்றுகொண்டு, கொத்தனார் கரண்டியால் கேக்குக்குச் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. கேக் செய்பவர் அதைப் பார்த்து வருத்தப்படவில்லை. இதைச் செய்து பார்க்க முடியும் என்றுதான் அவருக்குத் தோன்றியதாம். கறுப்பு எள்ளை அரைத்து வெள்ளைக் கிரீமில் கலந்தால் அசல் சிமெண்டு நிறம் வரும் என்று எனக்கு விளக்கினார். சாரத்துக்கு மரக்குச்சி போதும், ஆனால் கேக் சாயாமல் இருக்க நடுவில் ஒரு கம்பி வேண்டும், எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரிந்த விஷயம். அன்று சாயங்காலம் முழுக்க இருவரும் கேக்கின் எடையைத் தாங்குவது எப்படி என்று பேசினோம். தோழி தனியாக உட்கார்ந்து யானைக்குக் காது ஒட்டினாள்.

கண்காட்சி தஞ்சோங் பகாரில், பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்த கட்டடத்தில், மூன்றாவது மாடியில். திறப்பு நாளன்று தேக்காவில் அழகு நிலையத்து அக்காவிடம் மதியமே போய் உட்கார்ந்தேன். வாடகை நகைப் பெட்டியோடு இயந்திரம் வரைந்த படத்தையும் நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு பூச்சு மாவு அதிகமாகும் என்றார். நிறத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னதும் அவருக்குப் பெரிய நிம்மதி. இரண்டு மணி நேரம் கழித்து, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஐந்து மணிக்குள் சிமெண்டு கேக் வெட்ட வேண்டும் என்று சொன்னேன்.

டாக்சி கிடைக்கவில்லை. எம்ஆர்டி ரயிலில் போனேன், கையில் ஹெல்மெட்டோடு. தனியாகப் போகிற மணப்பெண்ணை யாரும் நேராகப் பார்ப்பதில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். எல்லாரும் தொலைபேசியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு மலாய்க்கார அம்மா எழுந்து இடம் கொடுத்தார். ஒட்டியாணம் போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்பதால் நின்றுகொண்டே வந்தேன். ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்போது ஒரு தமிழ்க்கார ஆன்ட்டி என் கையைப் பிடித்து, மாப்பிள்ளை எங்கே என்று மெதுவாகக் கேட்டார். என் கணவர் பிடோக்கில் மகளைப் பூப்பந்து வகுப்பில் விட்டுவிட்டு வருவார் என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம் என்று தோன்றியது. அதற்குள் கதவு மூடிவிட்டது.

மூன்றாவது மாடியில் லிஃப்ட்டை விட்டு இறங்கும்போது எனக்கு எதிர்பார்த்த தும்மல் வந்தது. தும்மினேன். நெற்றிச்சுட்டி துள்ளியது. அதில் ஒரு முத்து குறைந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

உள்ளே கேக் நின்றது. சாரம், சிமெண்டு, பக்கத்தில் மஞ்சள் வெஸ்ட்டோடு அதைச் செய்தவர். வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஒரு துண்டு வெட்டி நீட்டினார். ஒருவரும் வாங்கவில்லை. கண்காட்சிப் பொருளைத் தொடலாமா என்று ஒருவர் கேட்டார். இது எப்போது காயும் என்று இன்னொருவர் கேட்டார். நான் யானைக்கு முன்னால் விளக்குத் தட்டோடு நின்றேன். விளக்கு பேட்டரியில் எரிவது. அந்த நிபந்தனையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சிறப்பு விருந்தினர் ஒரு பேராசிரியர், தமிழர், கணினித் துறையில் ரொம்ப வருடம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஏஐ மனிதர்களை எப்படித் தப்பாக எடைபோடுகிறது என்று பேசுவதற்காக அழைத்திருந்தார்கள். ஐந்து மணி ஆயிற்று, அவரைக் காணோம். காவலாளி ஓடி வந்து, லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வந்து கதவு கையகலம் திறந்து நின்றுவிட்டது, மூடவும் மாட்டேன், திறக்கவும் மாட்டேன் என்கிறது, உள்ளே மூன்று பேர் என்றார்.

எனக்குக் கால் தானாகவே நடந்தது. பராமரிப்பு நிறுவனத்தைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன். கதவு துடித்துத் துடித்து நின்றது. இந்த வகைப் பழுது எனக்கு நன்றாகத் தெரியும். பத்தில் பாதி, கதவு ஓடுகிற பள்ளத்தில் ஏதாவது மாட்டியிருக்கும். இடைவெளி வழியாக ஒரு கண்ணும் அரை மூக்கும் தெரிந்தன. அது பேராசிரியர்.

“ஏம்மா, கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னா நீங்க படியில போயிருங்க. அப்படியே யாராவது லிஃப்ட் ஆள வரச் சொல்லுங்க,” என்றார், அன்பாகத்தான்.

வந்தாச்சு, கதவைத் தள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கேக் செய்பவரைக் கூப்பிட்டுக் கதவு ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன். ஒட்டியாணம் வயிற்றில் குத்தியது. டார்ச் இல்லாததால் விளக்குத் தட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பேட்டரி விளக்கு வெளிச்சத்தில், பள்ளத்துக்குள் ஒரு முத்து மினுக்கியது. அழகான முத்து. அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. கொண்டை ஊசியைப் பிடுங்கி அதை நெம்பி எடுத்து, யாரும் பார்ப்பதற்கு முன் கைக்குள் மூடிக்கொண்டேன். இருபது வருட அனுபவத்தில் நானே பழுதாக்கி நானே சரிசெய்த முதல் லிஃப்ட் அதுதான்.

கதவு திறந்தது. பேராசிரியர் வெளியே வந்தார், தரையில் கிடந்த என்னைப் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு போனார், மஞ்சள் வெஸ்ட் போட்டவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல வேளை நீங்கள் வந்தீர்கள், எவ்வளவு வேகமாகச் சரிசெய்துவிட்டீர்கள் என்று நன்றி சொன்னார்.

“சார், நான் கேக்கு போடுறவன்,” என்றார் அவர். “லிஃப்ட் அக்காதான் பாத்தாங்க.”

பேராசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தேன், புடவை கதவோரத்தில் மாட்டியிருந்தது. அவர் குனிந்து அதை எடுத்துவிட்டார். பிறகு உள்ளே போய், கொண்டுவந்திருந்த உரையை அப்படியே வாசித்தார். நாலாவது பக்கத்தில், உடையைப் பார்த்து ஒருவரின் தொழிலை முடிவு செய்துவிடுகிறோம் என்று ஒரு வரி இருந்தது போலிருக்கிறது. அந்த இடத்தில் அவருக்கு நீளமாக இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தோம். உரை முடிந்ததும் நேராக வந்து சிமெண்டுத் துண்டு ஒன்றை வாங்கி எல்லார் முன்னாலும் சாப்பிட்டார், பிராயச்சித்தம் மாதிரி. நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்று கேட்டார். அதற்கு அப்புறம் கேக்கில் சாரம் மட்டும்தான் மிச்சம்.

நான் படுத்திருந்ததைத் தோழி படம் எடுத்திருந்தாள். பட்டும் ஹெல்மெட்டுமாக ஒரு பெண் விளக்கு வெளிச்சத்தில் லிஃப்ட் கதவுக்கு அடியில் ஊசியால் குத்திக்கொண்டிருக்கிறாள், மஞ்சள் வெஸ்ட் போட்ட ஆள் கதவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார், தூரத்தில் யானை பார்க்கிறது. அதை இணையத்தில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் அதன் கீழே ஒரு பட்டை வந்து உட்கார்ந்தது: ஏஐ உருவாக்கிய படம். தோழி முறையிட்டாள். என் பொறியியல் சான்றிதழ், லிஃப்ட் பழுதுக் குறிப்பேடு, கொண்டை ஊசியின் படம் என்று எல்லாவற்றையும் அனுப்பினாள். மறுபடி சோதித்தோம், எங்கள் முடிவில் மாற்றமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நான் கொதித்தேன். அவள் அந்தப் பதிலைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். இதைவிட நல்ல படைப்பு தன்னால் யோசித்திருக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் சும்மா பார்க்கப் போனேன், ஜீன்ஸும் பழைய டீசட்டையுமாக. படத்துக்கு முன்னால் இளம் ஜோடி ஒன்று நின்றிருந்தது. இது நிஜமா என்று அவர்களுக்குள் வாக்குவாதம். அந்தப் பையன் படத்துக்குக் கிட்டப் போய் என் விரல்களை எண்ணினான். ஐந்துதான் வந்தது. இப்போதெல்லாம் ஏஐ விரலைச் சரியாகப் போட்டுவிடுகிறது என்று சொல்லிவிட்டான். நான் பக்கத்தில் நின்று என் விரல்களைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நெற்றிச்சுட்டி இல்லாமல் அவர்களுக்கு நான் யாரோ ஒரு ஆன்ட்டி.

அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தில் ஒட்டியாணத்துக்கு மேலே பிதுங்கி நிற்கிற இடத்தைக் காட்டினாள்.

“இடுப்பு சதை பாரு. ஏஐ இப்டிலாம் போடாது. இது உண்மையான ஆளு,” என்றாள்.

பையன் பார்த்தான், யோசித்தான், சரிதான் என்று தலையாட்டினான். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அவளுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, படி வழியாகவே கீழே இறங்கினேன்.